குருதியும் கயிறும்

(திருக்கோயில் மண்டபத்தில் திங்கள்தோறும் நடைபெறும் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு 'உறவும் இறையருளும்' என்று தலைப்புத் தந்தார்கள். பெரிய தலைப்பு. பெரிய தலைப்பைச் சிறிய வாயிலின் வழியே அணுகுவது நலம் என்று எண்ணி, நாம் நாள்தோறும் வழங்கும் ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொண்டேன். 'இரத்த பாசம்' என்பதே அத்தொடர். இரத்தம் என்பது குருதி. பாசம் என்பது கயிறு. ஆக, 'குருதிக் கயிறு' என்பதுதான் இத்தொடரின் நேர்ப்பொருள். அன்பைக் குறிக்கும் தொடரில் அன்பு என்ற சொல்லே இல்லை என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? செந்நீரும் கயிறும் சேர்ந்து எப்படி அன்பாயின என்பதை ஆராய்வோம்.

செந்நீரின் பெயர்கள்

தமிழில் குருதிக்குப் பெயர்கள் பல. குருதி, செந்நீர், புண்ணீர், சோரி, நெய்த்தோர், எருவை, அரத்தம், உதிரம், சோணிதம், இரத்தம் என அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் செந்நீர், புண்ணீர் ஆகியவை கேட்டவுடன் விளங்குவன. மற்றவற்றுள் சிலவற்றை நின்று பார்க்க வேண்டும்.

முதலில் குருதி. தொல்காப்பியச் சொல்லதிகாரத்து உரியியலில் 'குரு' என்னும் சொல்லுக்கு நிறம் என்று பொருள் கூறப்பட்டுள்ளது. நிறம் என்னும் பொருளுடைய அந்தச் சொல்லோடு குருதி என்பதனை இணைத்துக் காண்பது பொருத்தமாகவே தோன்றுகிறது. குருதி என்பதற்குச் செந்நிறம் என்ற பொருளும், செவ்வாய்க் கோள் என்ற பொருளும் உண்டு. குறுந்தொகையின் முதற்பாட்டு முருகப்பெருமானின் குன்றைப் பாடுவது. அதில் காந்தட்பூவைக் குறிக்கக் குருதியின் பெயரே ஆளப்பட்டுள்ளது. அங்கே குருதி என்பது புண்ணிலிருந்து வடிவதன்று. செவ்வேளுக்கு உரிய செவ்வண்ணம்.

அடுத்தது நெய்த்தோர். சங்க நூல்களில் வரும் அரிய சொல். நெய்ப்பு என்றால் பிசுபிசுப்பு. தொட்டால் ஒட்டும் தன்மையை வைத்து எழுந்த பெயர் என்று கொள்ளலாம். இன்றைய தமிழ்ப் பேச்சில் இச்சொல் இல்லை. ஆனால் தெலுங்கில் 'நெத்துரு' என்றும், கன்னடத்தில் 'நெத்தரு' என்றும் இது உயிரோடு வழங்குகிறது. தாய்வீட்டில் மறந்துபோன நகையை உடன்பிறந்தார் வீட்டில் பத்திரமாக வைத்திருப்பது போல! திருக்காளத்தியில் இன்று ஒரு பிள்ளை கீழே விழுந்து முழங்காலில் அடிபட்டால், அதன் தாய் பதறிச் சொல்லும் சொல் நம் சங்கப் புலவர் சொன்ன சொல்லே. திருக்காளத்தியை இங்கே குறித்ததற்குக் காரணம் உண்டு, பின்னர் வருவேன்.

எருவை என்பது இன்னும் வியப்பானது. குருதிக்கும் எருவை என்று பெயர். செம்புக்கும் எருவை என்று பெயர். வடமொழியிலும் இதே நிலை. 'லோஹித' என்றால் சிவப்பு, குருதி. 'லோஹ' என்பது முதலில் செந்நிற உலோகமாகிய செம்பையே குறித்தது. பின்னர் எல்லா உலோகங்களுக்கும் பொதுவாயிற்று. நாம் வழங்கும் 'உலோகம்' அதன் வழி வந்தது. உதிரம் என்பதன் மூலமாகிய 'ருதிர', கண்ணபிரான் பிறந்த 'உரோகிணி', இவையெல்லாம் சிவப்பு என்னும் ஒரே வேரில் முளைத்தவை என்று மொழியறிஞர்கள் கூறுவர். உரோகிணி விண்மீன் வானத்தில் சிவந்தே தோன்றுகிறது என்பதை வானம் தெளிந்த இரவில் நீங்களே காணலாம். ஆங்கிலத்தில் சிவப்பைக் குறிக்கும் 'ரெட்' என்ற சொல்லும் அந்த வேரினதே.

ருதிர என்பது உதிரம் ஆனதேன், ரக்த என்பது இரத்தம் ஆனதேன் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. ரகரம் சொல்லுக்கு முதலில் நிற்பது தமிழ் மரபன்று. ஆகவே ஓர் உயிரெழுத்து முன்வந்து கைகொடுக்கிறது. பழைய நூல்களில் அகரம் முன்வந்து 'அரத்தம்' என்றும் ஆயிற்று. அரத்தம் என்பதற்கும் சிவப்பு என்ற பொருள் உண்டு.

சோணிதம் என்பதைப் பார்ப்போம். 'சோண' என்றால் சிவந்தது. திருவண்ணாமலைக்குச் சோணாசலம், சோணசைலம் என்று பெயர்கள் இருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். அருணாசலம் என்றாலும் செம்மலை. சோணாசலம் என்றாலும் செம்மலை. கிரிவலம் வரும்போது 'சோணாசலா' என்று அழைக்கிறோமே, அந்தச் சிவப்பும் நம் நாளங்களில் ஓடும் சிவப்பும் சொல்லளவில் ஒன்றே.

இப்பொழுது நம் தொடரின் முதற்பாதியாகிய இரத்தம் என்ற சொல்லுக்கு வருவோம். இதன் மூலமாகிய 'ரக்த' என்பதற்குச் 'சாயமேற்றப்பட்டது' என்பதே முதற்பொருள். 'ரஞ்ஜ்' என்னும் வினையடியிலிருந்து வந்தது. அந்த வினைக்குச் சாயம் ஏறுதல், சிவத்தல் என்றும், மனம் ஒன்றில் தோய்ந்து மகிழ்தல் என்றும் பொருள். வெள்ளைத் துணி சாயத்தில் தோய்வது போல மனம் ஒரு பொருளில் தோய்கிறது. துணியில் ஏறியதும் 'ராகம்', மனத்தில் ஏறியதும் 'ராகம்'. செவிவழி புகுந்து மனத்திற்கு வண்ணம் ஏற்றுவதால் இசைக்கும் ராகம் என்று பெயர் வந்தது. அனுராகம் என்றால் காதல். மனத்தைத் தோய்விப்பதால் மனோரஞ்சிதம் என்று ஒரு மலருக்குப் பெயர். அந்த மலரும் குருதியும் ஒரே குடும்பம் என்று யாரேனும் எண்ணியிருப்போமா?

இதே வேரில் ஏறிய சாயம் இறங்குவதற்கும் சொல் உண்டு. அதுதான் 'விரக்தி'. ராகம் நீங்கிய நிலை விராகம். அதிலிருந்து வந்தது வைராக்கியம். துணி வெளுத்துப் பழைய வெண்மைக்குத் திரும்புவது போல மனம் பற்று நீங்கித் தெளிவதே வைராக்கியம். நாமோ இன்று 'வைராக்கியமாக வழக்கு நடத்தினான்', 'அண்ணன் தம்பி இருவரும் வைராக்கியத்தால் பேசுவதில்லை' என்கிறோம். பற்று அறுவதைக் குறித்த சொல்லைப் பகையைப் பற்றிக்கொள்வதற்குப் பயன்படுத்துகிறோம்! சொற்கள் இப்படி இடம் மாறுவது இயல்புதான். ஆயினும் இந்த ஒரு சொல்லின் இடமாற்றம் எனக்குச் சற்று வருத்தம் தருவது.

தமிழில் குரு என்னும் நிறத்தோடு குருதி; வடமொழியில் ராகம் என்னும் நிறத்தோடு ரக்தம். இரண்டு மொழிகளும் குருதியைப் பார்த்தபோது முதலில் கண்டது வண்ணத்தை. இன்னார் குருதி என்று எவர் பெயரும் அதில் எழுதப்படவில்லை.

வழிபாட்டிலும் இவ்வண்ணமே முதன்மை பெறுகிறது. கேரளத்தில் சோற்றானிக்கரை பகவதி திருக்கோயிலில் 'குருதி' என்றொரு வழிபாடு நடைபெறுகிறது. பெயர் குருதி, ஆனால் அங்கே படைக்கப்பெறுவது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவந்த நீர். மஞ்சளோடு காரத்தன்மையுள்ள சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாகும் என்பது நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிந்த வேதியியல். மணமக்களுக்கும், பிள்ளை பெற்று வீடு திரும்பும் தாய்க்கும் ஆலத்தி சுற்றுகிறோமே, அந்த நீரும் அதுவே. பூசணிக்காயைப் பிளந்து குங்குமம் தடவுவதும், எலுமிச்சையை அறுத்துக் குங்குமத்தில் தோய்ப்பதும் அவ்வழியினவே. உயிர் வேண்டுவதில்லை, வண்ணம் போதும் என்று அன்னை ஏற்றுக்கொள்கிறாள்.

கயிற்றின் வகைகள்

இனிக் கயிறு. கயிறு என்பதே தூய தமிழ்ச்சொல். மலையாளத்தில் கயர். தேங்காய் நாருக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'காயர்' என்ற பெயர் மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிப் போனது.

நாண் என்பது மற்றொன்று; ஞாண் என்றும் வழங்கும். வில்லில் பூட்டுவது நாண். திருமணத்தில் பூட்டுவது மங்கலநாண். குழந்தையின் இடுப்பில் கட்டுவது அரைஞாண். அரைஞாண் என்றாலே இடுப்புக் கயிறு என்று பொருள் முடிந்துவிட்டது. ஆனால் அது அருணா ஆகி, அதன் பொருள் மறந்துபோனதால் 'அருணாக்கயிறு' என்று மீண்டும் ஒரு கயிற்றைச் சேர்த்தோம். கிணற்றங்கரையில் 'தாம்புக்கயிறு' என்கிறோம். தாம்பு என்றாலே கயிறு. எமன் கையில் 'பாசக்கயிறு' என்கிறோம். பாசம் என்றாலே கயிறு. ஒரு கயிறு போதாது என்று ஒவ்வொன்றையும் இரண்டு கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம்!

நாண் என்பதற்கு வெட்கம் என்ற பொருளும் உண்டென்பது அறிந்ததே. இவ்விரு பொருளையும் ஒரே குறளில் வைத்துப் பேசியவர் திருவள்ளுவர். நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (1020), உள்ளத்தில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளது போல மயக்குவதை ஒக்கும் என்கிறார். உள்ளே ஒரு நாண் இல்லாதவனை வெளியே ஒரு நாண் ஆட்டுகிறது. அதிகாரம் முழுவதையும் இந்த ஒரு சொல்லில் கட்டிவிட்டார்.

தாலி என்றதும் இன்று திருமணமே நினைவுக்கு வரும். ஆனால் சங்க காலத்தில் ஆண்குழந்தைகளின் கழுத்திலும் தாலி இருந்தது. திருமாலின் ஐந்து படைகளாகிய சங்கு, சக்கரம், வாள், தண்டு, வில் ஆகியவற்றின் வடிவம் பொறித்த ஐம்படைத்தாலி அது. தலையாலங்கானத்துப் போர்க்களம் புகுந்த பாண்டியன் நெடுஞ்செழியன் அந்தத் தாலியையும் இன்னும் கழற்றாத இளையவன் என்று இடைக்குன்றூர் கிழார் புறநானூற்றில் (77) வியக்கிறார். காக்கும் பொருட்டுக் கட்டுவது தாலி. திருவிழாத் தொடக்கத்தில் நாம் கட்டிக்கொள்ளும் 'காப்பு' என்பதும் காத்தல் என்னும் வினையிலிருந்தே வந்தது. கட்டுவது அடக்கி வைப்பதற்கன்று, காப்பதற்கு.

நூல் என்றால் இழை. நூல் என்றால் புத்தகம். வடமொழியிலும் சூத்திரம் என்றால் இழை; சூத்திரம் என்றால் சுருங்கிய இலக்கணத் தொடர். தைத்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து சூத்திரம் பிறந்தது. நன்னூல் பாயிரத்தில் சொற்களைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகித்துள்ளமை தமிழாசிரியர்கள் அறிந்தது. யாப்பு, தளை, தொடை என நம் செய்யுள் இலக்கணச் சொற்கள் சிலவும் கட்டுதலையே குறிக்கின்றன. உயிரைக் கட்டியிருக்கும் மும்மலக் கயிற்றை அறுக்கும் வழி சொல்ல வந்த சிவஞானபோதமும் 12 சூத்திரங்களால், அதாவது 12 இழைகளால் ஆனது! முள்ளை முள்ளால் எடுப்பது போல்வது இது.

நரம்பு என்பதும் ஒரு கயிறுதான். யாழில் கட்டிய தந்திக்கும் நரம்பு என்று பெயர். உடலுக்குள் ஓடுவதற்கும் நரம்பு என்று பெயர். கயிலை மலையின் கீழ் அகப்பட்ட இராவணன், தன் உடல் நரம்பையே வீணையின் தந்தியாக்கிப் பாடினான் என்ற வரலாற்றில் இவ்விரு நரம்பும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆனால் நான் சிறப்பாகக் குறிக்க விரும்பும் சொல் 'நார்'. வாழைநார், தேங்காய்நார் என்பதில் உள்ள நார்தான். பூத்தொடுக்கப் பயன்படும் அந்த எளிய நாருக்குப் பழந்தமிழில் அன்பு என்ற பொருளும் உண்டு. பூக்களை ஒன்று சேர்ப்பது நார்; உள்ளங்களை ஒன்று சேர்ப்பதும் நார். பாசம் என்ற வடசொல் தமிழுக்கு வந்து அன்பு என்ற பொருளைப் பெறுவதற்கு முன்பே, கட்டும் பொருள் ஒன்றின் பெயரால் அன்பைக் குறிக்கும் வழக்கம் இம்மண்ணில் இருந்தது என்பதற்கு இச்சொல் சான்று. ஆதலால் பாசம் இங்கே வந்தபோது அதற்கு அந்நியமாய் இருந்திருக்காது.

பாசம்

பாசம் என்றால் கட்டும் கயிறு, சுருக்கு. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று முப்பொருள் கூறும். பதி இறைவன், பசு உயிர், பாசம் ஆணவம், கன்மம், மாயை என்னும் கட்டு. பசு என்ற சொல்லையே பாசத்தால் கட்டுண்டது என்று விளக்குவது நம் மரபு. மாட்டைக் கட்டும் கயிற்றுக்கு உழவர் வழக்கில் தும்பு என்று பெயர். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்ற பழமொழி அதனால் வந்தது. தும்பு யார் கையில் இருக்கிறதோ அவரே மாட்டுக்கு உடையவர். பசுவின் தும்பைப் பிடித்திருப்பவர் பசுபதி.

சாத்திரத்தில் பாசம் அறுக்கவேண்டிய தளை. வீட்டில் பாசம் போற்றவேண்டிய அன்பு. மண்டபத்தில் அமர்ந்து பாசத்தை அறுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் 'பாசமில்லாத பிள்ளை' என்று மகனைக் கடிந்துகொள்கிறோம். இவ்விரண்டும் ஒரே சொல்லா, அல்லது முரணா?

திருக்கடவூருக்கு வாருங்கள். அறுபதாம் ஆண்டும் எண்பதாம் ஆண்டும் நிறைந்தோர் மணிவிழாவும் சதாபிடேகமும் செய்துகொள்ளச் செல்லும் தலம். அங்கே மார்க்கண்டேயர் மீது எமன் வீசிய பாசம் அவரோடு சிவலிங்கத்தையும் சேர்த்துச் சுற்றியது. காலனை உதைத்தார் காலகாலர். அது எமனின் பாசம். உயிரைப் பிரிக்க வந்தது. அதே திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள அபிராமியன்னையின் கையிலும் பாசம் உண்டு. அபிராமிபட்டர் அந்தாதியின் இரண்டாம் பாடலில் அன்னையின் படைக்கலங்களைக் கூறும்போது அந்தப் பாசத்தை மென்மையானது என்கிறார். ஒரே கோயிலுக்குள் இரண்டு கயிறு. ஒன்று வன்கயிறு, ஒன்று மென்கயிறு.

அன்னையின் அந்தக் கயிறு எதனால் திரிக்கப்பட்டது? இலலிதா சகசிரநாமத்தின் தொடக்கப் பகுதியிலேயே விடை இருக்கிறது. இராகமே வடிவான பாசத்தை ஏந்தியவள் என்று அங்கே ஒரு திருநாமம் வருகிறது. இராகம் என்பது எது என்று சற்றுமுன் பார்த்தோம். குருதிக்கு 'ரக்தம்' என்று பெயர் தந்த அதே வேர், தோய்தல், விருப்பம். நம் வீட்டில் 'இரத்த பாசம்' என்று பேசும்போது எந்த இரண்டு சொற்களை இணைக்கிறோமோ, அவற்றின் வேர்கள் இரண்டும் அன்னையின் ஒரு திருநாமத்தில் முன்பே இணைந்திருக்கின்றன. ஆனால் அங்கே பொருள் உடற்குருதியன்று; விருப்பம் என்னும் தோய்வு. அந்த விருப்பத்தின் தலைப்பு அன்னையின் கையில் இருக்கிறது. கயிறு ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது தளையும் ஆகிறது, துணையும் ஆகிறது என்பது அடியேன் கருத்து.

இச்சொற்களை நான் தேடத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு சொற்பொழிவு முடிந்தபின் ஓர் அம்மையார் தயங்கித் தயங்கி வந்து கேட்டார். பல்லாண்டு பிள்ளையின்றி இருந்து, ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்து வருகிறார். அவர் வீட்டு முதியவர் ஒருவர், 'எத்தனை சீராட்டினாலும் இரத்த பாசம் வராது' என்று சொல்லிவிட்டாராம். 'ஐயா, அது உண்மையா?' என்றார். ஆறுதல் சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் அவர் கேட்டது ஆறுதலையன்று, உண்மையா என்பதை. அந்த வினாவுக்கு உரிய மதிப்பைத் தந்தாக வேண்டும்.

உடல் அளவில் குருதியும் கயிறும் சேரும் இடம் ஒன்று உண்டு. அதுதான் தொப்புள்கொடி. ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள அந்தக் கொடியில் மூன்று நாளங்கள் ஓடுகின்றன. ஒன்று தாயிடமிருந்து பெற்ற உயிர்வளியையும் உணவையும் சேய்க்குக் கொணர்வது; இரண்டு சேயின் கழிவைத் திருப்பிக் கொண்டுபோவன. நாளம் என்றால் தாமரைத்தண்டு என்று பொருள். திருமாலின் உந்தியில் எழுந்த தாமரைத்தண்டின் நுனியில் நான்முகன் பிறந்த காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் அழகு விளங்கும். ஆனால் மருத்துவர் கூறும் மற்றொரு செய்தியும் உண்டு. தாயின் குருதியும் சேயின் குருதியும் பொதுவாக நேரே கலப்பதில்லை. நஞ்சுக்கொடியில் மெல்லிய திரை ஒன்று இடையே நிற்க, அதனூடே வேண்டுவன மட்டுமே கைமாறுகின்றன. தாய் தருவது குருதியையன்று. குருதி சுமந்து வந்த உணவை, உயிர்வளியை. தாய்மை என்பது கருவறையிலேயே ஊட்டுதலாகத்தான் தொடங்குகிறது.

கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர் 1901-இல் குருதி வகைகளைக் கண்டறிந்து அறிவித்தார். அண்ணனுக்குத் தம்பியின் குருதி பொருந்தாமல், முன்பின் அறியாத ஒருவர் குருதி பொருந்துவதை மருத்துவமனையில் நாம் காண்கிறோம். பாரிசு நகரில் 1988-இல் முதன்முறையாகத் தொப்புள்கொடிக் குருதியைக் கொண்டு ஒரு சிறுவனுக்கு மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். அறுத்து எறியும் கொடி என்று கருதப்பட்டது பிறிதோர் உயிருக்குக் காப்புக்கயிறு ஆயிற்று.

இனி நம் பெரியோர் வாழ்விலிருந்து பார்ப்போம். திருக்காளத்தியைக் குறித்தேன் அல்லவா? உடுப்பூரில் நாகனார்க்கும் தத்தையார்க்கும் மகனாய்ப் பிறந்த திண்ணனார், மலைமேல் இருந்த குடுமித்தேவரைக் கண்டது முதல் பிரிய மாட்டாதவர் ஆனார். உறவு முறை ஏது? குலம் ஏது? வேடர் குலத்துப் பிள்ளையும் குடுமித்தேவரும் எந்தக் கொடிவழியில் உறவினர்? ஆறாம் நாள் இறைவன் கண்ணில் செந்நீர் பெருகியபோது, பச்சிலை பிழிந்து பார்த்தும் நில்லாமையால், 'ஊனுக்கு ஊன்' என்ற பழமொழி நினைவு வர, தம் கண்ணை அகழ்ந்து அப்பினார். மறுகண்ணிலும் பெருகியபோது அடையாளத்துக்குத் தம் காலை ஊன்றிக்கொண்டு, தம் மறுகண்ணில் அம்பை வைத்தார். இறைவன் கையால் தடுத்தருளினார். அங்கே நெய்த்தோர் இரு பக்கமும் வழிந்தது. எவருடைய குருதி எவருடையது என்று அந்நேரம் பிரித்துக் காண முடிந்திருக்குமா? இரத்த பாசம் என்பதற்கு எனக்குத் தெரிந்த முழுமையான பொருள் அக்காட்சியே.

திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனத்துத் துளசியின் கீழ் ஒரு பெண்மகவைக் கண்டெடுத்தார். அந்தத் தத்துமகளைத்தான் நாம் ஆண்டாள் என்று போற்றி, ஆடிப்பூரம் கொண்டாடுகிறோம். பெரியாழ்வாரோ பாசுரத்தில் தாமே யசோதையாகிக் கண்ணனை வளர்த்தவர். யசோதையாரும் வளர்த்த தாயே. பலராமரின் வரலாறு இன்னும் கூர்மையானது. தேவகியின் வயிற்றில் கருவாகி, அங்கிருந்து எடுக்கப்பெற்று, உரோகிணியின் வயிற்றிலிருந்து பிறந்தவர் அவர். எந்தத் தாயின் பிள்ளை என்று கேட்டால் என்ன விடை சொல்வது?

கண்ணனின் திருநாமங்களில் தாமோதரன் என்பது ஒன்று. 'தாம' என்றால் கயிறு. 'உதரம்' என்றால் வயிறு. வெண்ணெய் உண்ட பிள்ளையை உரலோடு கட்ட யசோதை கயிறு கொண்டுவந்தாள். இரண்டு விரற்கிடை குறைந்தது. இன்னொரு கயிற்றை முடிந்தாள். மீண்டும் இரண்டு விரற்கிடை குறைந்தது. வீட்டிலிருந்த கயிறெல்லாம் தீர்ந்தும் அதே குறை. அவள் வியர்த்து, கூந்தல் குலைந்து நின்றதைக் கண்ட பிள்ளை, தானே இரங்கிக் கட்டுண்டான் என்று பாகவதம் கூறும். அந்தக் கயிற்றின் தழும்பைத் தன் பெயராகவே வைத்துக்கொண்டான்.

பெரியாழ்வார் கண்ணனைப் பாதம் முதல் முடி வரை காட்டும் பதிகத்தில், நாண் பூட்டிய இடையையும், அதன்பின் உந்தியையும், அதன்பின் பழந்தாம்பால் கட்டுண்ட வயிற்றையும் வந்து பாருங்கள் என்று ஆய்ச்சியரை அடுத்தடுத்து அழைக்கிறார். உந்தி தேவகியோடு இணைத்த கொடியின் சுவடு. வயிற்றுத் தழும்பு யசோதை கட்டிய தாம்பின் சுவடு. ஒரே திருமேனியில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. பெயராய் நிலைத்தது இரண்டாவது. அந்த அம்மையாருக்கு நான் சொன்னதும் இதுதான். உங்கள் மகனுக்குத் தொப்புள் ஒருவர் தந்தது. இடுப்பில் இருக்கும் அருணாக்கயிறு நீங்கள் கட்டியது. தேவகி மைந்தன் என்றும் உலகம் சொல்லும். ஆனால் தாமோதரா என்று அழைத்தால், அந்த அழைப்பில் யசோதையின் கை இருக்கிறது.

அந்தத் தாம்பைக் குறித்து ஒரு செய்தி சொல்லி நிறைவு செய்கிறேன். மதுரகவியாழ்வார் கண்ணனைப் பாட அதனைத் தொட்டுவிட்டு, உடனே தம் ஆசிரியராகிய நம்மாழ்வாரிடம் திரும்பி 11 பாசுரங்கள் பாடினார். அப்பதிகத்தின் பெயரே 'கண்ணிநுண் சிறுத்தாம்பு'. முடிச்சுகள் உள்ள, நுண்ணிய, சிறிய கயிறு என்பது அதன் பொருள். யசோதை கையில் இரண்டு விரற்கிடை குறைந்த கயிறுதான் அது. மறைந்துபோன திவ்வியப் பிரபந்தத்தைத் தேடிவந்த நாதமுனிகள், ஆழ்வார்திருநகரியில் அந்தப் பதிகத்தை 12,000 முறை ஓதி, நாலாயிரத்தையும் நம்மாழ்வாரிடமிருந்து பெற்றார் என்று குருபரம்பரை கூறும். நாதமுனிகளுக்கு நாலாயிரத்தையும் இழுத்துக் கொடுத்தது அந்தச் சிறுகயிறே.